அண்ணன் பெயர் போட்ட கவர்

எங்கள் ஊருக்குப் பாலிதீன் கவரை முதலில் கொண்டுவந்தவர் எங்கள் அத்தா, அதாவது அப்பாதான். இந்தப் பெருமைக்கு வேறு யாரும் போட்டிக்கு வராததால், நாங்களே பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே கடலைப் பார்த்துப் போகும் பஸ் நின்று போகிற ஊர் எங்களுடையது. கடைத்தெருவில், பள்ளிவாசலுக்கு எதிரே எங்கள் மளிகைக்கடை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருமுறை சென்னைக்குச் சரக்கெடுக்கப் போன அத்தா, ஒரு சாக்கு நிறையக் கவரோடு வந்து இறங்கினார்.

அதுவரை எண்ணெய் வாங்க வருகிறவர்கள் பாட்டிலோடு வரவேண்டும். பாட்டில் இல்லாமல் வந்தால் அத்தா திருப்பி அனுப்புவார். கவர் வந்த பிறகு யாரும் திரும்பிப் போகவில்லை. நடவு முடிந்து சேற்றுக் காலோடு வெறுங்கையாக வருகிற பெண்கள், நூறு மில்லி எண்ணெயைக் கவரில் வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போனார்கள். இன்றைக்குப் பிளாஸ்டிக் என்றாலே எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். நானும்தான். ஆனால் அன்று அது எங்களுக்கு வசதியாக மட்டும் இல்லை, மரியாதையாகவும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

கவர் கட்டுவதில் அத்தாவுக்கு ஒரு கை இருந்தது. வாயைத் திருகி, ஒரு மடிப்பு மடித்து, ரப்பர் பேண்டை மூன்று சுற்று சுற்றி, கடைசிச் சுற்றை மடிப்புக்குள்ளே செருகிவிடுவார். தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. ஊரில் வேறு எந்தக் கடையிலும் அந்தக் கட்டு கிடையாது. எனக்கும் அண்ணனுக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே மவுத்தாகிவிட்டதால், பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இருவரும் கடையில்தான் கிடப்போம். நான் கட்டினால் அத்தா கட்டியது போலவே இருக்கும். அண்ணன் கட்டினால் ஒழுகும். "நீ கட்டுற கவரை வாங்குனா வீடு வரைக்கும் எண்ணெய்க் கோலம் போட்டுக்கிட்டே போகலாம்" என்று நான் அவனைக் கிண்டல் செய்வேன். அவனுக்கு அதெல்லாம் உறைக்கவே உறைக்காது. அவன் மனசு எப்போதோ சவூதிக்குப் போய்விட்டிருந்தது.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருந்தார்கள். பின்னாளில் என் கணவரும் அப்படித்தான் போனார். அண்ணன் தம்மாமுக்கு வேன் ஓட்டப் போனபோது அவனுக்கு வயது இருபத்து மூன்று. இரண்டாவது வருஷம், ஒரு காலையில், பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. பாலைவன ரோட்டில் வேன் கவிழ்ந்துவிட்டது என்றார்கள். முதலில் அடிபட்டிருக்கிறது என்றார்கள். மத்தியானம் திரும்பவும் போன் வந்தபோது உண்மையைச் சொன்னார்கள்.

அவனை அங்கேயே அடக்கம் செய்தார்கள். புனித மண்ணில் அடங்குவது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அத்தா எல்லாருக்கும் தலையாட்டினார். பிறகு அவனோடு அறையில் இருந்த ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, அத்தா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அவன் கபருல பேரு எழுதியிருக்காங்களா?" அந்த நாட்டில் கபர் மேல் பெயர் எழுதும் வழக்கம் இல்லை, வெறும் கல் ஒன்று நட்டிருப்பார்கள் என்று அவர் சொன்னார். எந்தக் கல் என்று இப்போது போய்த் தேடினால் தனக்கே தெரியாது என்றும் சொல்லித் தொலைத்தார். அதற்கப்புறம் அத்தா சரியாகச் சாப்பிடவில்லை. கடையைத் திறப்பார், உட்கார்ந்திருப்பார். யாராவது சர்க்கரை கேட்டால் உப்பை நிறுத்துக் கொடுப்பார்.

அவரைத் திரும்ப எழுப்பி உட்காரவைத்தது நோன்புக் கஞ்சிதான்.

நோன்பு மாதம் முழுவதும் எங்கள் பள்ளிவாசலில் தினமும் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுவார்கள். அரிசியும் பருப்பும் வெந்தயமும் கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கிற வாசனை பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வரும். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஊற்றுவார்கள். நோன்பு இருப்பவர்கள் மட்டும் அல்ல, எல்லோரும் வருவார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நல்லது என்று இந்து வீடுகளிலிருந்து சொம்போடு வருவார்கள். வயல் வேலை முடிந்து போகிறவர்களும், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களும் கையில் ஏனம் பாத்திரம் எதுவும் இல்லாததால் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதைத்தான் அத்தா பார்த்தார்.

இறந்துபோனவர் பெயரில் கொடுக்கும் தர்மம், அது யாருக்காவது பயன்பட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் அவருக்கு நன்மையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது எங்கள் நம்பிக்கை. வசதி உள்ளவர்கள் கிணறு வெட்டுவார்கள். சிலர் பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்து அதன் இறக்கையில் பெயர் எழுதிவைப்பார்கள். அத்தா கவர் கொடுத்தார். தஞ்சாவூரில் அச்சடித்து வந்த கவர். பச்சை மையில் ஒரு பிறை, அதன் கீழே பெரிய எழுத்தில் அண்ணன் பெயர், அதற்கும் கீழே 'இவருடைய மறுமைக்காக துஆ செய்யுங்கள்' என்று பிரார்த்திக்கச் சொல்லும் ஒரு வரி. முப்பது நாளும் கஞ்சிக்கான கவரும் ரப்பர் பேண்டும் எங்கள் செலவு. கட்டிக் கொடுப்பதும் அத்தாதான். அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விடவில்லை.

முதல் நாள் கஞ்சி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவரின் முகத்தை நான் மறக்கவில்லை. கையெல்லாம் கஞ்சி பட்டுப் பிசுபிசுப்பாக இருந்தது. கழுவாமலே என்னைக் கூப்பிட்டார்.

"வயல்லேர்ந்து வந்த ஒரு பொம்பளை எழுத்துக்கூட்டிப் படிச்சுச்சும்மா. 'யாரு பாய் இது, உங்க மவனா, நல்லா இருக்கட்டும்'ன்னுச்சு. அவன் இல்லம்மான்னேன். 'அங்கயும் நல்லா இருக்கட்டும்'ன்னு சொல்லிட்டுப் போவுது."

அன்று அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நோன்பிலும் அது வழக்கமாகிவிட்டது. யார் படித்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று தினமும் எனக்குக் கணக்குச் சொல்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தமாகப் படித்தால் கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றச் சொல்வாராம். ஊரில் அண்ணன் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அந்தக் கவர்தான். ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு பேர் அதைக் கையில் வாங்கினார்கள்.

நான் அப்போது கால்நடை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முத்துப்பேட்டைக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊரில் எங்கள் மருந்தகம். மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, கோழிக்குக் கழிச்சல் தடுப்பு, இதுதான் என் பிழைப்பு. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு சினை மாட்டுக்குள் கையை விடும் பாய் வீட்டுப் பெண்ணைப் பார்க்க முதல் மாதம் ஊரே வந்தது. இரண்டாவது மாதம் அலுத்துப்போய்விட்டார்கள்.

அந்த வருஷங்களில் நோன்பு மழைக்காலத்தில் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் வாய்க்கால், வடிகால் எல்லாம் நிறைந்து, வயலில் நிற்கிற தண்ணீரும் தெருவில் கிடக்கிற குப்பையும் ஒன்றாக அந்த மீனவர் ஊர்ப் பக்கமாகக் கடலுக்கு ஓடும். அதே மாதங்களில்தான் எங்கிருந்தோ கடல்காக்கைகளும் வந்து இறங்கும். வெள்ளை உடம்பு, சிவந்த கால், காதோரம் மை தொட்டு வைத்தது போல ஒரு புள்ளி. படகுக்குப் பின்னால் கத்திக்கொண்டே போய், வலையிலிருந்து உதறும் மீனைப் பொறுக்கித் தின்னும். சித்திரைக்குள் கிளம்பிவிடும்.

நோன்பு பாதி கடந்திருந்த ஒரு நாள், மீன் விற்கும் அக்கா ஒருவர் கூடையைக் கொண்டுவந்து மருந்தகத்து வாசலில் வைத்தார். உள்ளே செத்துப்போன மூன்று கடல்காக்கைகள்.

"டாக்டரம்மா, கரையில இதுங்க பாட்டுக்கு வுழுந்து கெடக்குதுங்க. எங்கோழிக்கும் வந்துருமா?"

நான் டாக்டர் இல்லை என்று நூறு முறை சொல்லியிருப்பேன். அவர் காதில் ஏறியதே இல்லை. உள்ளே இருந்த உண்மையான டாக்டர், எதற்கும் அறுத்துப் பார்த்துவிடுவோம், கழிச்சல் நோயாக இருந்தால் ஊரில் ஒரு கோழி மிஞ்சாது என்றார். தட்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

பறவையைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எடையே இல்லை. நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை வற்றிப்போய், எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. ஆனால் வயிறு மட்டும் கெட்டியாக இருந்தது. டாக்டர் இரைப்பையைக் கீறியதும் உள்ளே மீன் இல்லை, நண்டு இல்லை. பாலிதீன் துண்டுகள் பந்தாகச் சுருண்டு கிடந்தன. அவர் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து என் தட்டில் போட்டார். ஐந்தாறு துண்டுகளில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

அவை கவரின் முடிச்சுகள். கஞ்சி வாங்கிப் போகிறவர்கள் முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள், பொறுமை இருக்காது. முடிச்சுக்குக் கீழே கத்தியால் அறுத்துக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, மேல் துண்டை அப்படியே வீசிவிடுவார்கள். அந்த மடிப்புக்குள் சோற்றுப் பருக்கையும் கறித் துணுக்கும் மாட்டியிருக்கும். பசியோடு வந்த பறவை அதை விடுமா?

திருகி, ஒரு மடிப்பு மடித்து, மூன்று சுற்று சுற்றி, கடைசிச் சுற்றை உள்ளே செருகியிருந்தது. ஒரு பறவையின் வயிற்றுக்குள் இத்தனை நாள் கிடந்தும் அது அவிழவில்லை. அத்தாவின் கட்டு எப்படி அவிழும்? நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். டாக்டர், நோன்பு மயக்கமா, போய் உட்காருங்கள் என்றார். இல்லை என்றேன். அடுத்த பறவையில் முடிச்சோடு ஒரு பெரிய துண்டும் வந்தது. தண்ணீரை ஊற்றி அலசினார். பச்சை மையில் அண்ணன் பெயரின் பின்பாதி.

"கோழி நோயெல்லாம் இல்லம்மா" என்று டாக்டர் அந்த அக்காவிடம் சொன்னார். "பட்டினியில செத்துருக்கு. வயிறு ரொம்பியிருக்கு, ஆனா பட்டினி."

"நல்லவேளை" என்றார் அக்கா. வெறும் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் என்ன தப்புச் செய்தார்? ஒன்றும் இல்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் நானே கரைக்குப் போனேன். உயிரோடு ஒன்று கிடைத்தது. ஈர மணலில் இறக்கையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தது. கழுத்தை முன்னால் நீட்டி நீட்டி எதையோ கக்கப் பார்த்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. மருந்தகத்துக்குத் தூக்கி வந்து, அலகைத் திறந்து, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் இருந்ததை இழுத்தேன். கொஞ்சம் வந்தது. மீதி உள்ளேயே இருந்தது. குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அது என்னைக் கொத்தக்கூட இல்லை. கொத்தியிருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்கும். அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் என் மடியிலேயே செத்துப்போனது. அந்நேரம் அத்தா பள்ளிவாசலில் கை கழுவிக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அத்தா வழக்கம்போல ஆரம்பித்தார். வேதாரண்யம் பஸ்ஸில் போன ஒருவர் ஜன்னல் வழியாகக் கவரை வாங்கிக்கொண்டு, பெயரைப் படித்துவிட்டுக் கண்ணை மூடி துஆ செய்தாராம். "பஸ்ஸு நகர்ற வரைக்கும் கண்ணைத் தொறக்கலம்மா" என்றார். நான் "அப்படியாத்தா" என்றேன். மீதி நோன்பு முழுவதும் அப்படியாத்தா, அப்படியாத்தா என்றே ஓட்டினேன். பெயர் இருந்த துண்டைக் கழுவித் துடைத்து, என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை. அண்ணன் பெயரை எப்படிக் குப்பையில் போடுவது?

அடுத்த வருஷம் நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் தஞ்சாவூரிலிருந்து புதிய கவர் கட்டுகள் வந்து இறங்கின. மெல்ல ஆரம்பித்தேன்.

"இந்த வருஷம் கவர் வேணாமேத்தா. சின்னச் சின்னத் தூக்குவாளியா வாங்கி ஏழைப்பட்டவங்களுக்குக் கொடுத்துடுவோம். அதுல அண்ணன் பேரை வெட்டிக் கொடுப்போம். காலத்துக்கும் இருக்கும்."

"வாளியைக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள வச்சுக்குவாங்கம்மா. ஒரே வீட்டுக்காரங்கதான் பார்ப்பாங்க. கவருன்னா தெனமும் புதுசா ஒருத்தரு படிப்பாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை எரிச்சல்படுத்தியது. நான் விடவில்லை, கவரால் சாக்கடை அடைக்கிறது, ஆடு தின்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஊரில் ஆயிரம் கவர் கிடக்கிறது, நம்முடையதுதானா அடைக்கிறது என்றார். நான் நாலாவது நாளும் அதே பேச்சை எடுத்தபோது அவர் முகம் மாறியது.

"உன் அண்ணனுக்குன்னு வருஷத்துல ஒரு மாசம் செய்றேன். அது உன் கண்ணை உறுத்துதா?"

என் வாய் எனக்கு எப்போதும் எதிரி. பதமாகச் சொல்ல எத்தனையோ வழி இருந்திருக்கும். ஒரு வருஷம் முழுவதும் அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் பறந்துவிட்டது.

"கடல்காக்கா வயித்தை அறுத்து அண்ணன் பேரை வெளியில எடுத்துருக்கேன் நான். நீங்க கட்டுன முடிச்சு அதுங்க வயித்துல அவுறாம கெடக்குது. பட்டினியில செத்துச்சுங்க. போதுமா?"

உள்ளே ஓடி அந்தத் துண்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். அதை ஏன் செய்தேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

அத்தா அதைக் கையில் எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பாதிப் பெயர்தான் இருந்தது. மீதிப் பாதி இருந்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினார்.

"எத்தனை?" என்று கேட்டார்.

"என்னா எத்தனை?"

"எத்தனை பறவைம்மா?"

"நான் பார்த்தது நாலு."

"நீ பார்க்காதது?"

அவர் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, எதிரே பள்ளிவாசலுக்குப் போனார். அங்கே தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டிருக்கிறார். ஹஜ்ரத் நல்ல மனிதர். நீங்கள் நல்ல நிய்யத்தில் செய்தீர்கள், அல்லாஹ் மனசில் நினைத்ததைத்தான் பார்ப்பான், அதனால் கவலை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து அதை என்னிடம் சொன்ன அத்தா, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"என் நிய்யத்து எனக்குத் தெரியும், அல்லாவுக்குத் தெரியும். அந்தப் பறவைக்குத் தெரியுமாம்மா?"

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு அவர் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பது போல, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கஞ்சி குடிச்ச நன்மையெல்லாம் அவனுக்குப் போய்ச் சேருதுன்னு சொன்னாங்கல்ல. அப்படின்னா இதுவும் அவனுக்குத்தானே போய்ச் சேரும்? பேரு அவன் பேருதானே போட்டிருக்கு?"

"அதெல்லாம் சேராதுத்தா" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. மாட்டுக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்லும் குரலில் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த நோன்பில் எங்கள் கவர் போகவில்லை. அச்சடித்து வந்த கட்டுகள் பிரிக்காமல் கடைப் பரணில் கிடந்தன. எரித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதற்கு அத்தா அவரோடு சண்டைக்கே போய்விட்டார், என் மகன் பெயரை நெருப்பில் போடச் சொல்கிறாயா என்று. மழை விட்ட நாட்களில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வடிகால் ஓரமாக நடக்கத் தொடங்கினார். முதலில் எனக்குத் தெரியாது. யாரோ வந்து, உங்கள் அத்தா குப்பை பொறுக்குகிறார், பார்க்கவே சங்கடமாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் போனேன். முழங்கால் வரைக்கும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோரைப்புல்லுக்குள் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். சாக்கில் ஒரு பிடி அளவுக்குத்தான் இருந்தது. எல்லாம் பழைய வருஷத்துக் கவர்கள், பச்சை மை வெளுத்துப்போனவை. அவர் காலடியிலேயே வேறு கவர்கள் எத்தனையோ கிடந்தன. பால் கவர், ஷாம்பு கவர், ஜவுளிக்கடைக் கவர். அவற்றைத் தள்ளிவிட்டுத் தேடினார்.

"எடுக்குறதுதான் எடுக்குறீங்க, மத்ததையும் எடுங்களேன்" என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"மத்தது மத்தவங்க பார்த்துக்குவாங்கம்மா" என்றார் நிமிராமல். "இது நம்ம புள்ள."

நானும் இறங்கித் தேடினேன். இரண்டு பேரும் இருட்டி மக்ரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் தேடினோம். மூன்று கிடைத்தது. மற்றதெல்லாம் எப்போதோ கடலுக்குப் போயிருந்தது.

இதைச் செய்ததால் ஒரு பறவையாவது பிழைத்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். அதே நோன்பில், நாலாவது நாளே, வேறு ஒருவர் கவர் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பெயர் போடாத கவர், எங்களுடையதைவிட மெல்லிசு. ஏனம் கொண்டுவரச் சொல்லலாமே என்று பள்ளிவாசல் ஜமாஅத் கூட்டத்தில் அத்தா எழுந்து பேசினார். அவருக்கு மரியாதை கொடுத்துக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு கவரிலேயே ஊற்றினார்கள். பழகிய கையை யாரால் மாற்ற முடியும்? பழக்கிவிட்டவரே அவர்தான். அந்தக் கார்த்திகையிலும் கூடையில் பறவைகள் வந்தன. அறுத்தபோது உள்ளே கவர் இருந்தது, அண்ணன் பெயர் இல்லை. ஊரில் நின்றுபோனது அந்தப் பெயர் மட்டும்தான். சாயங்காலம் வீட்டுக்கு வரும் அத்தாவுக்கு என்னிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. மறுபடியும் அரை வயிற்றுக்குச் சாப்பிட ஆரம்பித்தார்.

அப்படியே பல வருஷம் இருந்தார். கடையை விற்றோம். கடைசியில் மூச்சு வாங்கும் நோய் வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பேசப் பேச இரைத்தது. அவசரம் இல்லைத்தா, பிறகு சொல்லுங்கள் என்றேன். கேட்கவில்லை.

"எனக்குப் பொறவு என் பேருல எதுவும் செய்யாத."

"என்னாத்தா பேச்சு இது."

"ஒண்ணும் கொடுக்காத. யாருக்கும். நல்லதுன்னு நெனச்சுத்தான் கொடுப்போம். அது எங்க போய் என்ன பண்ணும்னு நமக்குத் தெரியாது."

"துஆ கூடச் செய்யக்கூடாதா?"

கொஞ்சம் யோசித்தார். "அதைச் செய்யி. வாயால செய்யி. அது எங்கயும் போய்க் கெடக்காது."

பத்து நாளில் மவுத்தானார். அவரைப் போன்ற ஒரு மனிதர் பெயரில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை என்றேன். மகள் இப்படிக் கல்லாக இருக்கிறாளே, கணவன் வெளிநாட்டில் சம்பாதிப்பதெல்லாம் எதற்கு என்று என் காதுபடவே பேசினார்கள். நான் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அந்த நாள் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும், அந்தத் துண்டை அவர் கையில் கொண்டுவந்து வைத்தது நான்தான் என்பதையும் சேர்த்து.

தொழுது முடித்ததும் அத்தாவுக்காகக் கை ஏந்துகிறேன். அது எனக்குத் தடையில்லாமல் வருகிறது. அண்ணன் முறை வரும்போதுதான் தடுமாறுகிறேன். அந்தப் பறவைகளின் சாவும் அவன் கணக்கில் சேருமா என்று அத்தா கேட்டதற்கு இத்தனை வருஷத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அதனால், எதற்கும் இருக்கட்டும் என்று, அவன் பெயரைச் சொல்லி, அவன் செய்யாத ஒன்றுக்கு அவனை மன்னிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்திருக்கிறேன்.